ஷாமியானாக்கடை ரஞ்சிதத்தின் வழக்கு

1994ஆம் வருடம் ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை, ஆதிகேசவன் மத்தியானச் சாப்பாடு முடித்துத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "தேங்க்ஸ்" என்றான்.

எதிரே உட்கார்ந்திருந்த ரஞ்சிதம் நிமிர்ந்து பார்த்தாள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது. ரசம் நன்றாக இருந்தால் அவன் இன்னொரு தரம் ஊற்றிக்கொள்வான். நன்றாக இல்லையென்றால் உப்பு டப்பாவைத் தேடுவான். இதற்கு மேல் அவன் ஒரு சொல் சொல்லி அவள் கேட்டதில்லை. தட்டை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனவள், தண்ணீரைத் திறந்துவிட்டுக் கழுவாமலே நின்றாள். இந்த வார்த்தையை இவனுக்கு யார் பழக்கியது?

அன்றைக்குப் பிடித்தது அவளுக்கு அந்த நோய். அதற்கு முன்பு ரஞ்சிதம் யாரைப் பார்த்தும் பொறாமைப்பட்டவள் இல்லை. பொறாமைப்பட நேரமும் இருந்ததில்லை.

அவள் பிறந்தது கோலார் தங்கவயலில். அப்பா சுரங்கத்துக்குள் இறங்கி வேலை செய்தவர். 1982இல் ஆதிகேசவனைக் கட்டிக்கொண்டு பெங்களூர் ஸ்ரீராம்புரத்துக்கு வந்தபோது, அவன் சிக்பேட்டையில் ஒரு வாடகைப் பாத்திரக் கடையில் நாற்காலி ஏற்றி இறக்கும் ஆளாக இருந்தான். "ஊரான் சேர எத்தினி நாள் தூக்குவீங்க? நம்மளே ஒரு கடை வெச்சா என்னா?" என்று கேட்டவள் அவள்தான். கேட்டதோடு நிற்கவில்லை. 1985இல் தன் நகை பதினோரு சவரனையும் அவென்யூ ரோட்டில் விற்றாள். நூறு இரும்பு நாற்காலி, பதினோரு அண்டா, இரண்டு ஷாமியானாத் துணி, கரண்டி, ஜக்கு என்று வாங்கினார்கள். ஒவ்வொரு அண்டாவின் விளிம்பிலும் பாத்திரக்கடைக்காரர் 'ரஞ்சிதம் 1985' என்று பெயர் வெட்டிக்கொடுத்தார். கடைக்கும் அதே பெயர். உரிமமும் அவள் பெயரில்தான் எடுத்தார்கள்.

கடை நன்றாக ஓடியது. மூட்டை தூக்குவதும், பந்தல் கால் நடுவதும், டெம்போ ஓட்டுவதும் அவன். ஆர்டர் எடுப்பதும், போன சாமான் திரும்பி வந்ததா என்று பார்ப்பதும் அவள். கல்யாண வீட்டுக்காரர்களிடம் நயமாகப் பேசி ஒரு கரண்டிகூடக் குறையாமல் திருப்பி வாங்கிவிடுவாள். கடை போடும்போது சிந்து கைக்குழந்தை. கடையில் துணி மடித்து வைக்கும் பலகைமேல் படுத்துத்தான் அந்தக் குழந்தை வளர்ந்தது.

1991 டிசம்பரில் காவிரித் தண்ணீர்ப் பிரச்சினையில் ஊர் கொந்தளித்தபோது, ஸ்ரீராம்புரத்தில் யாரும் கதவைத் திறக்கவில்லை. ஆதிகேசவன் முதல் காரியமாகத் தமிழில் எழுதியிருந்த கடைப் பலகையைக் கழற்றி அடுப்பில் வைத்தான். கலவரம் அடங்கிய பிறகு கன்னடத்தில் 'ஸ்ரீ மாருதி ஷாமியானா' என்று புதுப் பலகை எழுதி மாட்டினான். உரிமத்தைப் புதுப்பிக்கப் போனபோது, "உன் பேரு வேணாம், என் பேரையே போட்டுர்றேன். ஆபீஸ்ல நானே பேசிக்கலாம்" என்றான். ரஞ்சிதம் மறுக்கவில்லை. அந்தப் பயத்தில் யார் மறுப்பார்கள்? உயிரோடு இருந்தால் போதும் என்றிருந்தது.

கலவரத்துக்குப் பிறகு அக்கம்பக்கத்து ஆர்டர்கள் குறைந்தன. ஆதிகேசவன் வேறு பக்கம் அலைந்து பிரேசர் டவுன், ஆஸ்டின் டவுன் பக்கம் சர்ச் கல்யாணங்களைப் பிடித்தான். அங்கேதான் மௌரீன் வந்தாள்.

மௌரீன் ஆஸ்டின் டவுனில் இருந்தவள். புருஷன் இறந்து ஆறு வருடம். கல்யாணத்துக்கு கேக் செய்து தருவாள், மண்டபத்தை ஜோடிப்பாள். "ஆதி, சிவப்புத் துணி வேணாம், வெள்ளை சாட்டின் வாங்குங்க. சர்ச் கல்யாணத்துக்கு அதான் எடுப்பா இருக்கும்" என்று சொல்லி, கடைக்கு நூறு மீட்டர் வெள்ளைத் துணி வாங்க வைத்தவள் அவள்.

ஆதி.

கடைக்கு அப்போதுதான் ஃபோன் வந்திருந்தது. ரஞ்சிதம் எடுத்தால் அந்தக் குரல், "ஹலோ, ஆதி இருக்காரா?" என்று கேட்கும். அதில் ஒரு கள்ளமும் இருக்காது. அதுதான் ரஞ்சிதத்துக்குப் பொறுக்கவில்லை. பன்னிரண்டு வருடமாக அவள் அவனை "என்னாங்க" என்றுதான் கூப்பிடுகிறாள். அவன் பெயரை வாய்விட்டுச் சொன்னது, உரிமம் எடுக்கப்போன இடத்தில் அதிகாரி கேட்டபோது ஒரு தரம். எவளோ ஒருத்தி அதைப் பாதியாக நறுக்கி, செல்லமாக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள்.

தேங்க்ஸ் சொன்ன நாளிலிருந்து ரஞ்சிதம் கவனிக்கத் தொடங்கினாள். அவன் சட்டையில் கேக்குக்குப் போடும் எசென்ஸ் வாசனை. சவரம் செய்துகொண்டபின் முகத்தில் எரிய எரியத் தடவிக்கொள்ளும் ஒரு நீலத் தண்ணீர். சத்தம் வராமல் மென்று சாப்பிடப் பார்க்கிறான். ஒரு நாள் சிந்துவைக் கூட்டிக்கொண்டு போனான். பத்து வயதுப் பெண், திரும்பி வரும்போது தலை நிறைய வேறு விதமான பின்னல்.

"யாருடி பின்னுனது?"

"மௌரீன் ஆன்ட்டிம்மா. நல்லா கீதா?"

ரஞ்சிதம் சீப்பை எடுத்தாள். பிள்ளையை மடியில் பிடித்து உட்காரவைத்து, பின்னலை அவிழ்த்து, எண்ணெய் வழிய வழியத் தடவி, தோல் இழுபடும்படி இறுக்கிப் பின்னினாள். சிந்து அழுதாள். அழுகை கேட்டு ஆதிகேசவன் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டான். அந்தப் பேசாமை அவளுக்கு இன்னும் எரிந்தது.

ஆகஸ்டில் ஒரு நாள் காலை பத்து மணிக்கு அவள் பஸ் ஏறி ஆஸ்டின் டவுனுக்குப் போனாள். மௌரீன் கொடுத்திருந்த கேக் பில்லில் இருந்த முகவரியை வைத்து வீட்டைக் கண்டுபிடித்தாள். எதிர்ச் சாரியில் ஒரு மருந்துக் கடை வாசலில் நின்றாள். தெருவைப் பார்த்த ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே ஆதிகேசவன் ஒரு பெரிய கிண்ணத்தை இடுப்போடு அணைத்துக்கொண்டு முட்டை அடித்துக்கொண்டிருந்தான். கை ஓயாமல் சுற்றியது. மௌரீன் பக்கத்தில் வந்து கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்து, இன்னும் அடிக்க வேண்டும் என்பதுபோல விரலைச் சுழற்றிக் காட்டினாள். அவன் சிரித்தான்.

அவர்கள் தொட்டுக்கொள்ளவில்லை. கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தால்கூட ரஞ்சிதம் அவ்வளவு உடைந்திருக்க மாட்டாள். தன் வீட்டில் சாப்பிட்ட தட்டைக்கூட எடுக்காதவன், அங்கே கை வலிக்க வலிக்க முட்டை அடிக்கிறான்; அதுவும் சிரித்துக்கொண்டு. எனக்கென்று ஒரு தம்ளர் தண்ணீர் மொண்டு தந்திருப்பானா இவன்? மருந்துக் கடைக்காரர், "என்னம்மா வேணும்?" என்று கேட்டார். அவள் தலைவலி மாத்திரை ஒன்று வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

ஆஸ்டின் டவுனில் காலையில் என்ன வேலை என்று சாயங்காலம் கேட்டாள். "ஒண்ணுமில்ல. வேலை விஷயமா போனேன்" என்றான்.

"முட்ட அடிக்கிறதுதான் ஷாமியானாக்காரன் வேலையா?"

அவன் முகம் செத்துவிட்டது. அதற்குப் பிறகு மறைக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. இரவு சில நாள் வீட்டுக்கு வராமல் போனான்.

ரஞ்சிதம் செய்ததும் சரியில்லை. அதை அவளே பிற்பாடு எல்லாரிடமும் சொல்வாள். நவம்பரில் ஒரு சனிக்கிழமை, பிரேசர் டவுனில் ஒரு பெரிய கல்யாணம். காலையில் டெம்போவில் ஏற்ற வெள்ளை சாட்டின் முழுவதும் மடித்துத் தயாராக இருந்தது. ஆதிகேசவன் டீ குடிக்கப் போன நேரத்தில் ரஞ்சிதம் கத்தரிக்கோலை எடுத்தாள். நூறு மீட்டரையும் குறுக்கும் நெடுக்குமாக வெட்டினாள். பள்ளிக்கூடம் கிளம்பிக்கொண்டிருந்த சிந்து கடைக்கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்ததை அவள் கவனிக்கவில்லை. வெட்டி முடித்ததும் நேராக ஆஸ்டின் டவுனுக்குப் போய், மௌரீன் வீட்டு வாசலில் நின்று தெரு கூடும்படி கத்தினாள். வாயில் வந்த வார்த்தைகளைத் திருப்பிச் சொல்ல முடியாது. மௌரீன் வெளியே வந்து கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரஞ்சிதம் கத்தி முடிக்கும்வரை உள்ளே போகவில்லை.

அந்தக் கல்யாணம் வெறும் தூண்களோடு நடந்தது. பெண்ணின் தகப்பனார் கடைக்கு வந்து கண்ணீரோடு நியாயம் கேட்டார். அன்று ஆதிகேசவன் ரஞ்சிதத்தை அறைந்தான். அதுதான் முதல் தடவை, கடைசித் தடவையும். அறைந்துவிட்டு யஷ்வந்த்பூரில் இருந்த தன் தம்பி முனிகிருஷ்ணன் வீட்டுக்குப் போய்விட்டான்.

தை மாதத்தில் தங்கவயலில் ரஞ்சிதத்தின் அப்பா காலமானார். காரியம் முடிந்து பதினாறாம் நாள் அவளும் சிந்துவும் திரும்பி வந்தபோது கடை காலியாக இருந்தது. அண்டா இல்லை, துணி இல்லை, அறுநூறு நாற்காலியில் நாற்பதுதான் மிச்சம். அதுவும் பின்பக்கம் மழையில் துருப்பிடித்துக் கிடந்ததால் தப்பித்தது. பக்கத்து வீட்டு அம்புஜம் சொன்னாள். "ரெண்டு டெம்போ வந்துச்சு ரஞ்சி. அவன்தான் நின்னு ஏத்துனான். நான் கேட்டதுக்கு, என் கடை என் சாமான்னுட்டான்."

ஆத்திரத்தில் ரஞ்சிதம் அந்த நாற்பது நாற்காலியையும் பழைய இரும்புக்காரனைக் கூப்பிட்டு எடைக்குப் போட்டாள். அவனுக்கு அதுகூடக் கிடைக்கக் கூடாது. அடுத்த வாரம் கோர்ட்டிலிருந்து கடிதம் வந்தது. மனைவி கொடுமைப்படுத்துகிறாள், பிழைப்பைக் கெடுத்தாள், விவாகரத்து வேண்டும் என்று ஆதிகேசவன் குடும்ப நீதிமன்றத்தில் மனுப் போட்டிருந்தான்.

"நான் வுட மாட்டேன். இவன வுட்டா அவ கட்டிக்குவா" என்றாள் ரஞ்சிதம்.

இதைச் சொன்னது வக்கீல் மங்களத்திடம். இலவசச் சட்ட உதவியில் கிடைத்தவர். ஐம்பது வயது, கும்பகோணத்துப் பக்கம் பிறந்து மல்லேஸ்வரத்தில் வாழ்க்கைப்பட்டவர். கண்ணாடியை மூக்கு நுனியில் போட்டுக்கொண்டு, அவள் சொன்ன கதை முழுவதையும் கேட்டார். எசென்ஸ் வாசனை, ஃபோன், முட்டை எல்லாவற்றையும் கேட்டார்.

"சரிம்மா. இப்ப உனக்கு என்ன வேணும்? அவர் தப்புப் பண்ணினார்னு ஜட்ஜ் சொல்லணுமா, இல்லே உன் சாமான் திரும்பி வரணுமா?"

"ரெண்டுந்தான் மேடம். தப்புப் பண்ணவனுக்கு ஒண்ணும் கெடைக்கக் கூடாது. கடை மொத்தமும் எனக்கு வரணும்."

"அப்படி நம்ம சட்டத்துல கிடையாது. தப்பை எடை போட்டுச் சொத்தைப் பிரிச்சுத் தரமாட்டா. இது யார் காசுல வாங்கினது, யாருடையதுன்னுதான் கேட்பா. உன் நகையைப் போட்டு வாங்கினது உன்னுது. அதுல அவருக்குப் பங்கில்லே. அப்புறம் ரெண்டு பேரும் உழைச்சுச் சேர்த்தது ரெண்டு பேருது. ஜீவனாம்சம்னு வரும்போதுதான் நடத்தையைப் பார்ப்பா. அவர் நடத்தையை மட்டுமில்லே, உன் நடத்தையையும்."

"நான் என்னா பண்ணேன்?"

மங்களம் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "துணியை யார் வெட்டினது?"

ரஞ்சிதம் கோர்ட்டுக் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள். அடுத்த வாரம் பதில் மனுவில், துணியை வெட்டியது தான் இல்லை என்றும், மிச்சமிருந்த நாற்காலிகளையும் கணவனே எடுத்துப் போனான் என்றும் எழுதச் சொன்னாள். மங்களம் இரண்டு தரம் கேட்டார். இரண்டு தரமும் அதையே சொன்னாள்.

குடும்ப நீதிமன்றத்தில் முதலில் ஆலோசகர் முன்னால் உட்கார வைத்தார்கள். சமாதானம் ஆகுமா என்று பார்ப்பதற்கு. சிந்துவைத் தனியே கூப்பிட்டுப் பேசினார்கள். வெளியே வந்த பிள்ளை அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது மெதுவாகச் சொன்னாள். "அம்மா, துணிய நீதான வெட்டுன? அவங்க கேட்டாங்க. நான் தெரியாதுன்னு சொல்லிட்டேன்."

ரஞ்சிதம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிள்ளை தனக்காகப் பொய் சொன்னதில் அவளுக்கு ஒரு கணம் வெற்றிபோலக்கூட இருந்தது. என் பிள்ளை, எனக்காகத்தான் பேசுவாள் என்று நினைத்தாள். நினைத்த வேகத்தில் வெட்கமாகவும் இருந்தது.

வழக்கு இழுத்தது. நீதிபதி ஓய்வுபெறும் வயதை நெருங்கிய கன்னடக்காரர், தமிழ் புரியும். ரஞ்சிதம் சாட்சிக் கூண்டில் ஏறி மௌரீனைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனபோது, அவர் கையை உயர்த்தி நிறுத்திக் கன்னடத்தில் கேட்டார்: நகை விற்றதற்கு ரசீது இருக்கிறதா? அவள் இல்லை என்றாள். பத்து வருடத்துக்கு முந்தைய துண்டுச் சீட்டை யார் வைத்திருப்பார்கள்? அண்டாவில் என் பெயர் வெட்டியிருக்கிறது என்றாள். ஆதிகேசவன் எழுந்து, பதினோரு அண்டாவும் தான் பிற்பாடு வாங்கியவை, எதிலும் எந்தப் பெயரும் இல்லை என்றான்.

நீதிபதி ஓர் இளம் வக்கீலைக் கமிஷனராக நியமித்து, முனிகிருஷ்ணன் வீட்டுக் கொட்டகையில் இருக்கும் சாமான்களைப் பார்த்துப் பட்டியல் எடுக்கச் சொன்னார். ரஞ்சிதமும் கூடப் போனாள். பதினோரு அண்டாவும் கவிழ்த்து வைத்திருந்தது. ஒவ்வொன்றாக நிமிர்த்தினார்கள். பழைய பாத்திரம், கரி ஏறி மங்கியிருந்தது. ஆனால் விளிம்பில் நாலு விரல் அகலத்துக்கு மட்டும் பளபளவென்று வழவழப்பாக இருந்தது. ஒன்றில்கூட எழுத்து இல்லை.

ரஞ்சிதம் அந்தப் பளபளப்பைத் தடவிப் பார்த்தாள். கலவரத்தில் பலகையை எரித்தது பயத்தில். இதை எந்தப் பயத்தில் செய்தான்?

முனிகிருஷ்ணன், பாசி பிடித்திருந்ததால் தேய்த்தோம் என்று கமிஷனரிடம் சொன்னான். அதையும் எழுதிக்கொண்டார்கள்.

அந்த நிலையில்தான் ரஞ்சிதம் பிடிவாதம் பிடித்தாள். மௌரீனைச் சாட்சியாகக் கூப்பிட வேண்டும்.

"வேண்டாம்மா. அவ என்ன சொல்லுவான்னு நமக்குத் தெரியாது" என்றார் மங்களம்.

"என்னா சொன்னாலும் சரி. அவ அந்தக் கூண்டுல ஏறி, தல குனிஞ்சி நிக்கறத நான் பாக்கணும்."

உண்மையில் அதற்காகத்தான். சொத்தைக்கூட அவள் அப்போது மறந்திருந்தாள். சம்மன் போனது. 1997 ஜூலையில் மௌரீன் வந்தாள். சாம்பல் நிறத்தில் ஒரு சேலை கட்டியிருந்தாள். முதல் தடவையாக அவ்வளவு பக்கத்தில் பார்த்த ரஞ்சிதம், அவள் கைகளைத்தான் முதலில் பார்த்தாள். சூடுபட்ட தழும்புகள். தன் கையைப்போலவே வேலை செய்த கை. அதுவும் பிடிக்கவில்லை. மினுக்கிக்கொண்டு வந்திருந்தால் வெறுக்கச் சுலபமாக இருந்திருக்கும்.

மங்களம் கேட்டார். "மனுதாரருக்கும் உங்களுக்கும் என்ன பழக்கம்?"

மௌரீன் தலை குனியவில்லை. "மொதல்ல வேலை மட்டும்தான் மேடம். அப்புறம் எனக்கு அவரப் புடிச்சுது, அவருக்கும் என்னப் புடிச்சுது. ஒரு வருஷம் அப்படி இருந்தோம். அது தப்பு. அவர் குடும்பஸ்தர்னு தெரிஞ்சுதான் பண்ணேன்."

 ஆதிகேசவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இப்ப?"

"இப்ப இல்ல. ரெண்டு வருஷமா நாங்க பேசறதில்ல. சாமான்லாம் தம்பி வீட்டுக்கு எடுத்துட்டுப் போன அப்புறம் ஒரு நாள் வந்தார். அண்டாவுல அவங்க மிசஸ் பேரு இருக்கு, மெஷின் வெச்சுத் தேய்ச்சு எடுத்துடப் போறேன்னார். வேணாம் ஆதி, அது அவங்க நகை வித்து வாங்கினதுன்னு நீங்கதானே எங்கிட்ட சொன்னீங்கன்னு கேட்டேன். உனக்கு இது புரியாதுன்னார். அதுக்கப்புறம் வர வேணாம்னு சொல்லிட்டேன்."

மங்களம் மெல்லத் திரும்பி ரஞ்சிதத்தைப் பார்த்தார். ரசீது இல்லாத வழக்குக்கு ரசீது கிடைத்துவிட்டது. நகை, அண்டா, தேய்த்த மெஷின் எல்லாம் அந்த ஒரு வாயிலிருந்து வந்துவிட்டது. நீதிபதி எழுதிக்கொண்டே, "நன்றி அம்மா, நீங்கள் போகலாம்" என்று மௌரீனைப் பார்த்துச் சொன்னார். தமிழில் சொன்னார். அவர் குரலில் ஒரு மரியாதை இருந்தது.

அந்த மரியாதையை ரஞ்சிதத்தால் தாங்க முடியவில்லை. இரண்டு வருடத்துக்கு மேலாக அவளுக்கு அந்த நீதிபதி அப்படி ஒரு சொல் சொன்னதில்லை. புருஷனைப் பிடுங்கிக்கொண்டவள், கடைசியில் ரஞ்சிதத்தின் அண்டாவை ரஞ்சிதத்துக்கே மீட்டுக்கொடுத்துவிட்டு, நிமிர்ந்து நடந்து போகிறாள். இந்த அறையில் அவள் ஒருத்திதான் உண்மை பேசியவள் என்றாகிவிட்டது.

"ஐயா, நானும் ஒண்ணு சொல்லணும்" என்று ரஞ்சிதம் எழுந்தாள்.

மங்களம் அவள் கையைப் பிடித்து, "உட்காரும்மா, எல்லாம் நல்லபடியா போயிண்டிருக்கு" என்றார் தாழ்ந்த குரலில்.

ரஞ்சிதம் கையை விடுவித்துக்கொண்டாள். "துணிய வெட்டுனது நான்தான். நூறு மீட்டரும். நாப்பது சேர எடைக்குப் போட்டதும் நான்தான். எழுதிக் குடுத்ததுல பொய் சொல்லிட்டேன். என் பொண்ணும் எனக்காகப் பொய் சொல்லிச்சு, அத வுட்ருங்க. இந்தம்மா வீட்டாண்ட போயி அசிங்கமா பேசுனதும் நான்தான்."

மௌரீன் கதவருகே நின்றுவிட்டாள். ரஞ்சிதம் அவளைப் பார்க்கவில்லை. அவள் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னாள்.

"ஏன் வெட்டினீர்கள்?" என்று நீதிபதி கேட்டார்.

"பொறாம ஐயா" என்றாள். அவளுக்கு வேறு பதில் தோன்றவில்லை.

அன்று வெளியே வந்ததும் மங்களத்திடம் சொன்னாள். "மேடம், விவாகரத்த நானே கேக்கறேன். அவ கட்டிக்கப் போறதில்ல. நான் இனிமே எதுக்கு அவன புடிச்சினு தொங்கணும்?" அவள் தரப்பில் எதிர் மனு போட்டார்கள்.

1998 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. ஆதிகேசவனின் மனு தள்ளுபடி. கணவன் வேறொரு பெண்ணோடு உறவு வைத்திருந்தது நிரூபணமானதால் ரஞ்சிதத்தின் எதிர் மனுவின்பேரில் விவாகரத்து. பதினோரு அண்டாவும் முதல் நூறு நாற்காலியும் அவளுடைய சீதனத்தில் வாங்கியவை, முழுக்க அவளுக்கே. பெயரைத் தேய்த்து அழித்தவர் அது யாருடையது என்று தெரிந்துதான் அழித்திருக்கிறார் என்று நீதிபதி எழுதியிருந்தார். பிற்பாடு வாங்கியதெல்லாம் இருவரும் உழைத்துச் சேர்த்தது, ஆளுக்குப் பாதி. அவள் பாதியிலிருந்து, விற்ற நாற்காலியும் வெட்டிய துணியும் கழியும். சிந்து அம்மாவிடம் இருப்பாள், அவள் படிப்புக்கு மாதாமாதம் அப்பா தர வேண்டும். ரஞ்சிதத்துக்குக் கையில் தொழில் இருக்கிறது, இரு தரப்பு நடத்தையையும் பார்க்கும்போது பெரிய ஜீவனாம்சத்துக்கு இடமில்லை, ஒரு சிறு தொகை போதும்.

"ஜெயிச்சுட்டோம்மா" என்றார் மங்களம்.

"அவன் பண்ணதுதான் பெரிய தப்புன்னு எங்க எழுதிக்கீது? படிச்சிக் காட்டுங்க."

மங்களம் பக்கங்களைப் புரட்டினார். அப்படி ஒரு வரி இல்லை. அதற்குப் பதிலாக வேறொன்று இருந்தது: 'பிரதிவாதியும் குறையற்றவர் அல்லர்; ஆனால் தம் குறையைத் தாமே சொன்னார்.' பிரதிவாதி என்றால் நீதான் என்று மங்களம் விளக்கினார். ரஞ்சிதம் அந்த வரியை மூன்று தரம் படிக்கச் சொல்லிக் கேட்டாள். முன் பாதி உறுத்தியது, பின் பாதியை என்ன செய்வதென்று தெரியவில்லை.

சாமான் பிரிக்கும் நாளன்று அதே கமிஷனர் பட்டியலோடு யஷ்வந்த்பூருக்கு வந்தார். ஆதிகேசவன் இளைத்திருந்தான். அண்டாவை டெம்போவில் ஏற்ற ஆட்கள் திணறியபோது, பழக்கத்தில் தானே போய் ஒரு பக்கம் தூக்கினான். இன்னொரு பக்கம் ரஞ்சிதம் பிடித்திருந்தாள். இருவரும் தூக்கி வைத்தார்கள்.

"பேர அழிச்சது தப்புதான் ரஞ்சி" என்றான்.

"பேரு கெடக்குது. ஒரு நாளு, எனக்கு முட்ட அடிச்சிக் குடுக்கலாம்னு உங்களுக்குத் தோணுச்சா?"

அவனுக்குப் புரியவில்லை. டெம்போக் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டே, "நீ கேட்டதே இல்லயே" என்றான்.

 உண்மைதான், கேட்டதில்லை. கேட்டுப் பெறுவது ஒரு பெறுதலா என்று இருந்துவிட்டாள். மௌரீன் கேட்டிருக்கிறாள், விரலைச் சுழற்றிக் காட்டியிருக்கிறாள். இந்த எண்ணம் டெம்போவில் ஸ்ரீராம்புரம் வந்து சேரும்வரை அவளை அரித்தது.

கடையை மறுபடி போட்டாள். அதே தெருவில் இடம் கிடைக்கவில்லை, இரண்டு சந்து தள்ளிக் கிடைத்தது. உரிமம் அவள் பெயரில். ஏற்றி இறக்க இரண்டு பேரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டாள். முதல் வருடம் கஷ்டம், பிறகு பிழைத்துக்கொண்டாள். ஆஸ்டின் டவுன் பக்கமிருந்து ஆர்டர் வந்தாலும் எடுத்தாள். ஒரு கல்யாணத்தில் மௌரீனை எதிரே பார்த்தாள். இருவரும் தலையசைத்துக்கொண்டார்கள். மேடையின் ஜோடனை நன்றாக இருந்தது. ரஞ்சிதம் அதில் குறை தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை. அன்று முழுவதும் எரிச்சலாக இருந்தது.

2001இல் அம்புஜம் ஒரு செய்தி கொண்டுவந்தாள். ஆதிகேசவன் மறுபடி கல்யாணம் செய்துகொண்டான். திருப்பத்தூர்ப் பக்கத்துப் பெண். அம்புஜம் யஷ்வந்த்பூரில் அவர்களைப் பார்த்தாளாம்.

ரஞ்சிதம் சீரியல் விளக்கின் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. "எப்பிடி கீறா?"

"வுடு ரஞ்சி, உனக்கு எதுக்கு?"

"சொல்லுக்கா. செவப்பா?"

"மாநிறந்தான். வெடவெடன்னு ஒல்லியா கீறா. அவன் பையத் தூக்கினு வரான், அவ கை வீசினு நடந்து வரா."

ஒயர் சிக்கிக்கொண்டது. ரஞ்சிதம் அதைப் பிரிக்காமல் அப்படியே பலகைமேல் போட்டாள். அன்றும் மறுநாளும் ஆட்கள் எது செய்தாலும் திட்டினாள். சிந்து அப்போது காலேஜில் பி.யூ.சி. படித்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு விஷயத்தைப் புரிந்துகொண்டாள்.

"கேஸ் முடிஞ்சி மூணு வருஷம் ஆச்சு. இன்னுமாம்மா?"

"இன்னுந்தான்" என்றாள் ரஞ்சிதம். "கோர்ட்டு சாமானத்தான பிரிச்சிக் குடுத்துது?"

சிந்து சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. ரஞ்சிதத்துக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வாசலில் டெம்போக்காரன் ஹாரன் அடித்தான். ஞாயிற்றுக்கிழமை மாகடி ரோட்டில் ஒரு காதுகுத்து, முந்நூறு நாற்காலி. ரஞ்சிதம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எழுந்தாள்.